பழைய பேரிங் எங்கே?

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? அண்ணன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாரா, இல்லை வழக்கம்போல “அதெல்லாம் தானா சரியாயிடும்” என்று தள்ளிப்போடுகிறாரா?

இந்த முகாமில் போன் எடுக்காது. சுற்றிலும் மலை. வாரம் ஒரு தடவை டீசல் ஏற்றி வரும் ஜீப்பில்தான் தபால் வரும், போகும். ஒருவகையில் நல்லதுதான். போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் “ம்” என்பீர்கள், அதற்குள் குக்கர் கத்தும், பேச்சு அவ்வளவுதான். கடிதம் என்றால் நான் பேசி முடிக்கிறவரை நீங்கள் கேட்டே ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எருமை விழுந்துவிட்டது. பதறாதீர்கள், நிஜ எருமை இல்லை. வயலுக்கு மருந்து அடிக்கிற எங்கள் பெரிய ட்ரோனுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர். ஆறு மோட்டார், வயிற்றில் மருந்து டேங்க். டேங்க் நிறைய மருந்தோடு மர உயரத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் நின்றுபோய், வாய்க்கால் கரையில் தலைகுப்புற வந்து விழுந்தது. வரிசை முடிகிற இடத்தில் நின்று எங்களுக்கு விசில் ஊத ஒரு அக்கா இருக்கிறாள். விசிலக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கும் அது விழுந்த இடத்துக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு தூரம்தான். இறக்கை தெறித்து அவள் முழங்கை கிழிந்து தையல் போட்டிருக்கிறது.

மேனேஜர் என்ன எழுதினார் தெரியுமா? “ஓட்டியவரின் கவனக்குறைவு.” அன்று காலையிலேயே அந்த மோட்டார் சத்தம் சரியில்லை என்று அவரிடம் சொன்னேன். “காத்துல அப்படித்தான் கேக்கும், கிளப்புங்க” என்றார். அவர் பேச்சைக் கேட்டுக் கிளப்பினேனே, அதுதான் எனக்கு ஆத்திரம். இனி அவர் இல்லை, அவர் தாத்தாவே எழுந்து வந்து சொன்னாலும் சரி, என் விரலும் காதும் ஒப்புக்கொள்ளாத மோட்டாரை நான் கிளப்ப மாட்டேன்.

மே மாதம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வருகிறார். என் லைசென்ஸ் இருக்குமா, பிடுங்கிவிடுவார்களா என்பது அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை வேறு ஆள் இல்லை என்று என்னையே ஓட்டச் சொல்கிறார்கள். கவனக்குறைவான ஆளாம், ஆனால் ஓட்டலாமாம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உனக்கு ஒன்றும் அடிபடவில்லையே? அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். மேனேஜரைத் திட்டுவதற்கு அரைப் பக்கம், உன் உடம்புக்கு அரை வரி.

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது சத்தமாக வாசித்தேன். இங்கே இப்போது அதுதான் எங்களுக்குப் பேச்சுத் துணை. எருமை என்றதும் உன் அண்ணன் சிரித்தார். விசிலக்கா வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் மோட்டார்களைப் பழுது பார்த்துக் கொடுக்கிற வேலையை அவர் இந்த வருஷம் எடுத்திருக்கிறார். டீலர் மூலமாக வருகிறது, டீலர் மூலமாகப் போகிறது. நானும் பேரிங் மாற்றுகிற பெஞ்சில்தான் உட்கார்கிறேன். முதுகு அதனால்தான் கொஞ்சம் படுத்துகிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

அவர் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். பறக்கவிடுவதற்கு முன்னாலேயே மோட்டார் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? விவரமாக எழுதச் சொன்னார்.

நானும் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு மோட்டார் வருகிற பெட்டி எப்படி இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

*

மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

அடி ஒன்றும் படவில்லை. போதுமா? தைலத்தை அண்ணனுக்கு முன்னால் நீங்கள் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை ஜீப் டிரைவர் பார்க்க அங்கேயே நின்று படித்தேன். அண்ணன் என் வேலையைப் பற்றிக் கேட்டாரா? நிஜமாகவா? நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது “பொம்மை விமானம் விடுறதெல்லாம் ஒரு உத்தியோகமா” என்று ஊர் முழுக்கச் சொன்ன மனுஷன். முதல் தடவையாகக் கேட்கிறார். விடுவேனா? எழுதுகிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் இறக்கையைக் கழற்றிவிடுவேன். மோட்டாரின் தலையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருகுவேன். உள்ளே காந்தம் இருப்பதால் நொடிக்கு நொடி லேசாகப் பிடித்துப் பிடித்து விடும். அந்தப் பிடி ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் சோற்றில் கல் கடிபட்டதுபோல நெருடினால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்தது, தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பேன். ஆடக் கூடாது. மேலும் கீழும் இழுத்தால் கடக்கென்று சத்தம் வரக் கூடாது. மூக்கை வைத்து மோந்து பார்ப்பேன். கருகின வாடை வந்தால் உள்ளே கம்பி சூடேறிப் பொசுங்கியிருக்கிறது. டார்ச் அடித்தால் அந்தக் கம்பி கறுத்திருப்பது தெரியும். மேனேஜர் இதையெல்லாம் ஜோசியம் என்கிறார். நானும் அவருக்கு விளக்கிக்கொண்டிருப்பதில்லை. என் கை செய்வதை அவர் பார்த்தால் போதும்.

இப்படிப் பார்த்து போன மாதம் வந்த மோட்டார்களில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முகாமே என்மேல் கடுப்பில் இருக்கிறது. விசிலக்கா மட்டும் என் கட்சி. “நீ தொட்டுப் பாத்துட்டுச் சரின்னு சொன்னாத்தான் நான் வரப்புல ஏறுவேன்” என்று மேனேஜர் காதுபடவே சொல்லிவிட்டாள்.

பெட்டியா? காக்கி அட்டைப் பெட்டி. குறுக்கும் நெடுக்கும் நீல நாடா கட்டியிருக்கும். ஏன் கேட்டீர்கள்?

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் நலம் எழுது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, உன் அண்ணனே சரிசெய்தார். வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

உன் கடிதத்தை வாசித்தேன். மோட்டாரைச் சோதிக்கிற பகுதியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

உனக்கு லீவு பாக்கி இருக்கும் அல்லவா? போட்டுவிட்டு வாயேன். இந்த ஒரு மாதம் வேறு யாராவது ஓட்டட்டும்.

உன் அண்ணி

*

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தானே? குழாயும் கதவும் நலமாக இருப்பதைப் படித்தேன். உங்களைப் பற்றி ஒன்றுமே காணோம்.

லீவு போட மாட்டேன். நான் போனால் வேறு ஆள் ஓட்டுவான், கீழே அதே விசிலக்காதான் நிற்பாள்.

இங்கே ஓர் அதிசயம் நடந்தது. புதிதாக வந்த பெட்டிகளைப் பிரித்தேன். எல்லா மோட்டாரும் வெண்ணெய்! நெருடல் இல்லை, ஆட்டம் இல்லை, வாடை இல்லை. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “என்ன மேடம், இதுலயாவது குறை இருக்கா?” என்றார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் மனசு ஒப்பவில்லை. சுண்டிவிட்டுப் பார்த்தேன். நல்ல மோட்டார் சுண்டினால் கொஞ்சம் ஓடி, தானாக நிற்கும். இவை சுண்டின கையோடு நின்றன, உள்ளே யாரோ பிடித்து நிறுத்துகிற மாதிரி. அவற்றில் ஒன்றை மட்டும் ட்ரோனில் மாட்டி, டேங்கைக் காலியாக வைத்து, ஆளே இல்லாத களத்தில் இடுப்பு உயரத்துக்குக் கிளப்பி, கொஞ்ச நேரம் நிற்க வைத்து இறக்கினேன். ஒவ்வொரு மோட்டாராகத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து வெதுவெதுப்பு, ஒன்று கையைச் சுட்டது. அதன் அடியில் கறுப்பாக எண்ணெய் கசிந்திருந்தது.

மேனேஜர் கத்தக் கத்த அதைப் பிரித்தேன். பேரிங் மூடியைக் கிளப்பினால் உள்ளே லாரிச் சக்கரத்துக்குப் போடுகிற கெட்டி கிரீஸ். வழித்துப் போட்டுப் பார்த்தால் அதே பழைய பேரிங். துருவோடு அப்படியே இருக்கிறது. மாற்றவே இல்லை, அண்ணி. நெருடல் விரலுக்குத் தெரியக் கூடாது என்று அடைத்திருக்கிறார்கள். மற்ற பெட்டிகளிலும் அதே கதைதான். அத்தனையையும் மூலையில் அடுக்கி, தொடக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். விரலால் நெருடல் பார்க்கிறவளை ஏமாற்ற, அவள் விரலால் பார்க்கிறாள் என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த முகாமில் நான் அதை யாருக்கும் விளக்கியதில்லை.

இந்தக் கடிதத்தை அண்ணனுக்கு வாசிக்க வேண்டாம். நீங்கள் மட்டும் படியுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். உங்களிடமிருந்து பதில் இல்லை. ஜீப் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் தபால் இருந்தது.

மோட்டார் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். நேற்று ஒன்றை எடுத்து அந்த நாடா முடிச்சைப் பார்த்தேன். வால் வெளியே தொங்காமல் உள்ளே மடித்துச் செருகின முடிச்சு. என் பள்ளிக்கூடப் புத்தகக் கட்டை தினமும் அப்படித்தான் அண்ணன் கட்டிக்கொடுப்பார். இத்தனை நாள் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், பார்த்ததே இல்லை. நீங்கள் பெட்டி எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, அப்போதாவது பார்த்திருக்கலாம்.

மேனேஜர் ஒரு சமாதானம் கொண்டுவந்தார். விழுந்தது என் கவனக்குறைவால்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுவிட்டால் லைசென்ஸுக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வார்களாம். பேனாவையும் அவரே நீட்டினார். பேனா நன்றாக எழுதுகிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதும் ஒவ்வொரு மோட்டாரையும் சோதித்துத்தான் கிளப்புகிறேன். புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அது என்ன என்று உங்களுக்கு எழுத மாட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. அந்த கிரீஸை அடைத்தது யார் கை?

நாத்தனார்

*

ஏப்ரல் 20

அன்புள்ள வாயாடிக்கு,

என் கை.

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்.

நீல நாடா என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் கேட்டேன். “ஆமா, அந்தக் கம்பெனிதான். அதுக்கென்ன?” என்றார். தன் தங்கைதான் அங்கே ஓட்டுகிறாள் என்று தெரிந்த பிறகு அவரே பார்த்துச் சரிசெய்துவிடுவார் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான் உனக்குக் குழாயைப் பற்றியும் கதவைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்ன மறுநாள், பட்டறைக்கு ஒரு கிரீஸ் டின் வந்தது. புது பேரிங் வரத் தாமதமாகிறது, கெடு தாண்டினால் வேலை கைமாறிப் போய்விடும் என்றார். நல்ல கெட்டி கிரீஸ், ஒரு சீசன் தாங்கும் என்றார். அதற்கு முன்னாலும் புது பேரிங் வராத நாட்களில் பழசைத் துடைத்து அப்படியே மாட்டி அனுப்பியிருக்கிறோம்; எருமையில் நின்றுபோனதும் அதில் ஒன்றாகத்தான் இருக்கும். நானும் அடைத்தேன். கை வேலை செய்துகொண்டிருந்தது, மனசு உன் கடிதத்தில் இருந்தது. சோற்றில் கல் என்று எழுதியிருந்தாயே, ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் திருகிப் பார்த்து, கல் தெரியவில்லை என்றதும் பெட்டியில் போட்டேன். உன்னை ஏமாற்ற நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய், நானும் ஒழுங்காகப் படித்திருக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. அது உனக்கும் தெரியும். தப்பு செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விசிலக்காவின் கையில் தையல் போட்டதைச் சொன்னேன். “அதுக்கு நாமளா பொறுப்பு” என்றார்.

விசாரணையில் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. வீட்டுப் பெயரைக் காப்பாற்று என்று கெஞ்சவும் மாட்டேன். நாளைக் காலையில் பெஞ்சில் உட்காருவேன். டின்னைத் தொட மாட்டேன். அப்புறம் நடப்பது நடக்கட்டும்.

உன் அண்ணி

*

ஏப்ரல் 29

தங்கைக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அண்ணி ஒரு வாரமாகப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். புது பேரிங் கொடு, மாட்டுகிறேன், இல்லையென்றால் மாட்ட மாட்டேன் என்கிறாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதெல்லாம் உன் கடிதம் செய்த வேலை.

இந்தப் பட்டறை ஒரே நாளில் வந்ததில்லை. அது உனக்கே தெரியும். உன்னைப் படிக்க வைத்ததும் இதே பட்டறைதான். மோட்டாரை எனக்குத் தெரியாதா? நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து பிரித்து மாட்டுகிறேன். கூடப் பிறந்தவனைச் சபையில் நிறுத்தி மானத்தை வாங்குவதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்?

காற்று அடித்தது, விழுந்தது என்று எழுதிக் கொடுத்துவிடு. யாருக்கும் நஷ்டமில்லை. பெரியவன் சொல்கிறேன், கேள்.

அண்ணன்

*

மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அவர் முதுகுக்கு ஓய்வு வேண்டும்.

எழுதிக் கொடுக்க மாட்டேன்.

காற்று அடிக்கவில்லை அண்ணா. அன்று இலை அசையவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்கிறீர்களே, விசிலக்கா யாரும் இல்லையா? அவள் வீட்டில் அவளும் ஒரு தாயும்தான். விழுந்தது இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் தாய்க்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? மேனேஜர் போயிருப்பாரா, நீங்கள் போயிருப்பீர்களா? நான்தான் போக வேண்டும். ரிமோட் என் கையில் இருந்தது.

நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. சொல்லிக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் படிக்க வைத்தது வாயை மூடிக்கொண்டிருக்க என்றால், அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சேர்ந்திருக்கவே மாட்டேன்.

ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நீங்கள் தெருமுனையில் சின்னதாகக் கடை போட்டிருந்த காலத்தில், பம்ப்செட்டோ மிக்ஸியோ எது வந்தாலும், புதுசு போட்டுவிட்டுப் பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றி வந்தவர் கையில் கொடுப்பீர்கள். வேண்டாம் என்று போனவரைத் துரத்திப் பிடித்துக்கூடக் கொடுத்திருக்கிறீர்கள். “புதுசு போட்டோம்னு எப்படி நம்புவாங்க? பழசைக் கையில குடு” என்று என்னை அனுப்புவீர்கள். நான் ஓடுவேன். இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். இத்தனை பெட்டி அனுப்பினீர்களே, பழைய பேரிங் எங்கே?

இனிமேல் மோட்டார் அனுப்பினால் கழற்றின பேரிங்கும் கூடவே வரட்டும். பழசு இல்லாத பெட்டியை நான் பிரிக்க மாட்டேன். விசாரணையில் கேட்டால் நடந்ததைச் சொல்வேன். எந்தப் பட்டறை என்று கேட்டால், என் அண்ணன் பட்டறை என்று சொல்வேன். இருபத்தொன்றாம் தேதி, காலை. வருவதானால் வாருங்கள்.

தங்கை

*

ஜூன் 2

அன்புள்ள வாயாடிக்கு,

சௌக்கியமாக வீடு வந்து சேர்ந்தேன். முதுகு ஜீப்பில் குலுங்கினதில் இரண்டாகப் போய்விட்டது, அதைத் தவிர நலம். விசிலக்கா கட்டிக்கொடுத்த சாப்பாடு வழி முழுக்க வந்தது. நல்ல மனுஷி. அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், தழும்பு ஏறியிருக்கிறது.

நான் வருவேன் என்று நீ நினைக்கவில்லை. என்னையும் கிரீஸ் டின்னையும் பார்த்ததும் உன் முகம் போன போக்கைச் சாகிறவரை மறக்க மாட்டேன். அந்த அதிகாரி பேரிங்கை மேஜைமேல் வைத்து, இதில் கிரீஸை அடைத்தது யார் என்று கேட்டபோது நீ வாயைத் திறந்தாய். அண்ணன் பெயரை உன் வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டேன். “நான்தாங்க. எங்க பட்டறைதான். என் வீட்டுக்காரர் சொன்னார், நான் அடைச்சேன்.” இவ்வளவுதான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன். நீதான் சொல்ல வேண்டும்.

வீட்டு நிலவரம் கேட்பாய். கிளம்புகிற அன்று அவர் தடுக்கவில்லை. டின்னைப் பையில் வைத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். வந்த பிறகு என்னோடு பேசுவதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்பதைச் சுவரிடம் சொல்கிறார். சுவர் பதில் சொல்லாததால் அவரே எழுந்துபோய்ப் போட்டுக்கொள்கிறார். வேலையை நிறுத்தி வைத்திருப்பதாக டீலர் சொல்லிவிட்டார். பட்டறையில் நாலு பேர் என்னை முறைக்கிறார்கள், இரண்டு பேர் வணக்கம் வைக்கிறார்கள். நான் தலையைக் குனியவில்லை. அதே பெஞ்சில், அதே நாற்காலியில் தினமும் போய் உட்கார்கிறேன். யாராவது எழுப்பிப் பார்க்கட்டும்.

உன் மே மாதக் கடிதத்தை அவர் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. தானே படித்தார், நின்றுகொண்டே. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டை துவைக்கப் போட்டபோது பையைப் பார்த்தேன், இல்லை. வேறு சட்டைக்கு மாறியிருந்தது.

முடிவு வந்ததும் எழுது.

உன் அண்ணி

*

ஜூலை 10

அன்புள்ள அண்ணிக்கு,

நான் ரொம்ப சுகம். உங்கள் முதுகுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், விசிலக்கா கொடுத்தது. அண்ணன் முழங்காலுக்கும் ஆகும். கேட்டால் கொடுங்கள், சுவரிடம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் குரல் நடுங்கவே இல்லை.

முடிவு வந்துவிட்டது. லைசென்ஸ் என்னிடமே இருக்கிறது. கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு மோட்டார் கோளாறு என்று எழுதியிருக்கிறார்கள். அதோடு, ஓட்டுகிறவர் வேண்டாம் என்று சொன்ன மோட்டாரைக் கிளப்பச் சொல்ல இனி யாருக்கும் அதிகாரம் இல்லை என்று ஓர் உத்தரவு. மேனேஜர் அதைத் தன் கையாலேயே சுவரில் ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை என்று நான் போய்ச் சொன்னேன். மறுபடியும் ஒட்டினார்.

பழைய மோட்டார்களை எல்லாம் கம்பெனி திரும்ப வாங்கி, பேரிங் மாற்றித் தரச் சொல்லி உங்கள் பட்டறைக்கே மறுபடியும் அனுப்பியதும், கழற்றினதைக் கூடவே வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டதும் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் பெட்டிகள் வந்தன. நாடாவை வெட்டவில்லை, முடிச்சை அவிழ்த்தேன். ஒவ்வொரு மோட்டாருக்கும் பக்கத்தில் பழைய பேரிங், காகிதத்தில் சுற்றி, அந்தக் காலத்தில் என் கையில் கொடுத்து ஓடச் சொன்ன அதே மாதிரி, ஓரம் மடித்து. அந்த மடிப்பு உங்களுடையது இல்லை. நான் அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லுங்கள்.

விசிலக்கா ஒன்றை எடுத்துக்கொண்டாள். “என் தலையில விழ இருந்தது இதுதானா” என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஜன்னலோரம் வைத்திருக்கிறாள்.

ஆனால் ஒன்று. மோட்டார்களில் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பேரிங் புதுசு, அருமையாக மாட்டியிருக்கிறது. காந்தம் ஒன்று பசை விட்டு லேசாக நகர்ந்திருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அண்ணன் கேட்பார். ஏப்ரலில் எழுத மாட்டேன் என்று சொன்ன வழி இதுதான்: மோட்டார் தலையில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அது மோட்டாரின் சுற்றாத அடிப்பகுதியில் உரசுகிற மாதிரி வைத்துக் கையால் சுற்றினால், சரியான மோட்டார் ஒரே மாதிரி சரசரக்கும். உள்ளே ஏதாவது நகர்ந்திருந்தால் பிடி மாறி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சத்தம் மாறும். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அவசரப்படக் கூடாது.

அடுத்த தடவையும் சோதிப்பேன். அதற்கடுத்த தடவையும் சோதிப்பேன். அண்ணன் பட்டறை என்பதற்காக ஒரு மோட்டாரைக்கூடச் சும்மா விடமாட்டேன். அதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசியுங்கள். காகிதத் துண்டு வருகிற பகுதியை இரண்டு தடவை.

உங்கள் வாயாடி